கல்வெட்டு திறந்த மறுநாள்: வெளியுறவு அமைச்சகத்தின் வளர்ச்சிக் கூட்டாண்மைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கையில் இந்திய அரசின் பணத்தில் நடந்த வேலைகளில் இந்தியாவுக்கு அதிகம் நல்ல பெயர் வாங்கித் தந்தது எது என்று கேட்டால், சிலர் வடக்கு ரயில் பாதையைச் சொல்வார்கள், சிலர் 50,000 வீடுகளைச் சொல்வார்கள், சிலர் 2022 பொருளாதார நெருக்கடியில் கொடுத்த ஏறக்குறைய 400 கோடி டாலரைச் சொல்வார்கள். எங்கள் பதில் 1990. அது ஆண்டல்ல, ஆம்புலன்ஸ் எண்.

‘சுவசெரிய’ என்ற அந்தச் சேவை 2016 ஜூலை 28-ல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கியது. பிறகு 209 வண்டிகள் சேர்ந்தன. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இரண்டு தவணைகளிலும் சேர்த்து இந்தியா கொடுத்த மானியம் சுமார் 2.25 கோடி டாலர். 2022-ல் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தொடங்கும்போது எதிர்ப்பு கொஞ்சமல்ல. மருத்துவர் சங்கத் தரப்பு எதிர்த்தது, ‘ஆம்புலன்ஸ் என்ற பெயரில் உளவாளிகள் வருகிறார்கள்’ என்ற பேச்சும் ஓடியது. இன்று அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்க வந்த வண்டியை உளவு வண்டி என்று அந்த வீட்டாரிடம் போய்ச் சொல்ல முடியாது.

இந்தச் சேவை ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வண்டி வாங்கும் செலவோடு ஆரம்பகால ஓட்டச் செலவும் மானியத்துக்குள் வந்தது. பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அழைப்பு மையம் முதல் நாளிலிருந்தே திட்டத்தின் உறுப்பாக இருந்தது. 2018-ல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஒரு மன்றம் அமைத்து, பொறுப்பை ஏற்றுக்கொண்டது. கொடுத்தவர் எப்போது விலகிக்கொள்வார், வாங்கியவர் எப்போது தூக்கிக்கொள்வார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. 2022-ல் மருந்துப் பொருட்கள் தீர்ந்தபோது, அந்த ஜூனில் இந்தியத் தூதரகம் 3.3 டன் அவசர மருத்துவப் பொருட்களை அதே சேவைக்குக் கொடுத்தது. முதலில் போட்ட பணத்தைக் காப்பாற்ற அது சின்னச் செலவு.

நீங்கள் போடும் எந்தத் திட்ட ஒப்பந்தத்திலும் பராமரிப்பு, விலை மாற்றம், கொள்முதல் என்று மூன்று பத்திகள் இருக்கும், அல்லது இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். உதவியால் வரும் நல்ல பெயரும் கெட்ட பெயரும் பெரும்பாலும் அந்த மூன்று இடங்களில்தான் முடிவாகின்றன என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பராமரிப்பிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தை ஒட்டி, இந்திய மானியத்தில் எழுந்த கலாசார மையத்தை எல்லோரும் அறிவோம். 600 பேர் அமரும் அரங்கு, அருங்காட்சியகம், பதினோரு மாடிக் கோபுரம். 2015 மார்ச்சில் அடிக்கல், 2022 மார்ச் 28-ல் காணொளி வழியாகத் திறப்பு, 2023 பிப்ரவரி 11-ல் மக்களிடம் ஒப்படைப்பு. இடையில் என்ன நடந்தது என்றால், அதை யார் நடத்துவது என்ற பேச்சு நடந்தது. நிலம் மாநகர சபையுடையது. ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்தை ஓட்ட சபையிடம் பணம் இல்லை.

ஒப்படைத்த அந்த நாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில்தான் சராசரியாக 75 சதவீதம் ஏறியிருந்தது. மையத்தை ஒப்படைத்துச் சில நாட்களில், அதே பிப்ரவரியில், மறுபடி 66 சதவீதம் ஏறியது. 100 ரூபாய் கட்டணம் இரண்டு ஏற்றத்தில் 290 ரூபாய்! பதினோரு மாடிக்கு மின்தூக்கி ஓட வேண்டும், அரங்கைக் குளிரூட்ட வேண்டும், மின்தூக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், மேடை விளக்குக்கும் ஒலிப்பெருக்கிக்கும் தெரிந்த ஆள் வேண்டும். இதை வரவு செலவாக எழுதினால் வாடகைக்கு விடாமல் நடத்த முடியாது என்று தெரியும். வாடகை ஏறினால் உள்ளூர் நாடகக் குழு பழையபடி பள்ளி மண்டபத்துக்கே போய்விடும். இதெல்லாம் வரைபடம் போடும்போதே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. கோபுரம் பதினொன்றா ஆறா என்ற கேள்வியைக்கூட அந்தக் கணக்கை வைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர்தான். ஆனால் ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் காணாமல் போனதும் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னர் ஊர்ப் பெயரைச் சேர்த்தார்கள். முன்கூட்டியே பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

விலை மாற்றத்துக்கு வருவோம். இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் வீட்டுத் திட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

2010-ல் அறிவித்த 50,000 வீடுகளில் முதல் 1,000 ஒப்பந்தக்காரர்கள் மூலம் கட்டப்பட்டன. வடக்கு கிழக்கில் அடுத்த 45,000 பெரும்பாலும் பயனாளியே கட்டிக்கொள்ளும் முறை. புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுது பார்க்க 2,50,000. வேலை இன்ன கட்டத்துக்கு வந்தது என்று சான்று வந்ததும் தூதரகத்திலிருந்து பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும். நடுவில் அமைச்சர் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. போருக்குப் பின் கட்டிய வீட்டுத் திட்டங்களில் இதைவிட நேர்மையான பணப்பாதை குறைவு. கணக்குப் புத்தகத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரம்மா தானே பார்த்தார். பத்து விளம்பரப் பலகைகள் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்தது.

சிக்கல் தொகையில். 5,50,000 என்பது திட்டம் தொடங்கியபோது போட்ட கணக்கு. அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) வார்த்து, கூரை ஏற்றும் வரை வேலை மாதக்கணக்கில் ஓடும். ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நூறு வீடு எழும்பினால் மேசன் கூலி ஏறும், மணலுக்கு அனுமதி கிடைக்காமல் இழுபடும், கூரை மரம் கிடைக்காது. திட்டமே விலையை ஏற்றிவிடும். தொகை மட்டும் அசையாது. இடையில் விழும் துண்டுக்கு நகை அடகுக் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் நுண்கடன்காரர் படியேறுவார். சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நிற்கும் வீட்டுக்கு அடுத்த தவணையும் வராது, ஏனென்றால் கூரைக்கட்டம் முடிந்தால்தான் சான்று. ஆண் துணையில்லாத குடும்பங்கள் இதில் அதிகம் மாட்டிக்கொண்டன. சாமான் ஏற்றி இறக்க, இரவில் சிமெண்டுக்குக் காவலிருக்க, எல்லாவற்றுக்கும் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டுமே.

இதே இலங்கையில் ஒரு பெரிய கட்டட ஒப்பந்தக்காரருக்கு விலையேற்றத்துக்கு ஈடு உண்டு. கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை விலைச் சுட்டெண் வெளியிடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு சூத்திரம் இருக்கும். சிமெண்ட் ஏறினால் பட்டியலும் ஏறும். கிளிநொச்சியில் தனியாக வீடு கட்டும் பெண்ணுக்கு அந்தச் சூத்திரம் இல்லை. எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: வீட்டுத் தொகையை அதே சுட்டெண்ணோடு கட்டிவிடுங்கள். தொகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தலாம். கூரைத் தவணையில் பாதியை, லிண்டல் முடிந்ததும், மரம் வாங்கவென்று முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

நாட்காட்டி பற்றியும் ஒரு சொல். இரண்டாம் கட்டம் 2012 அக்டோபர் 2-ல் தொடங்கப்பட்டது. காந்தி ஜயந்தி விழாவுக்குப் பொருத்தமான நாள், அத்திவாரம் வெட்டப் பொருந்தாத மாதம். வன்னியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கி டிசம்பர் வரை ஊற்றும். வெட்டிய குழி நிரம்பும், அறுத்த கல் கரையும், மணல் டிராக்டர் ஊர்ச் சந்தில் புதையும். முதல் தவணை ஜனவரி கடைசியில் கையில் வந்தால் மழைக்கு முன் கூரை ஏறிவிடும். ஜூலையில் வந்தால் ஏறாது.

மலையகத்தில் கதை வேறு. அங்கே பணத்துக்கு முன் நிலம். தோட்டக் காணி அரசுடையது, 1992-க்குப் பிறகு கம்பெனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் (இலங்கையின் நில அளவு) பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் கம்பெனி நிலத்தை விடுவிக்க வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், அளக்க வேண்டும், உறுதி (நிலப் பத்திரம்) எழுத வேண்டும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடிய பிறகு அந்தச் சான்றைத் தவிர்க்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் இத்தனை கையெழுத்தும் விழுந்த பிறகுதான் அடிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? 2017 மேயில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த கூடுதல் 10,000 வீடுகளில் முதல் 1,300-க்கான வேலை 2024 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஏறக்குறைய ஏழு ஆண்டு. அந்த இடைவெளியில் இலங்கை ரூபாய் பாதிக்குமேல் மதிப்பிழந்தது. 2017-ல் கைதட்டிய பிள்ளை 2024-ல் வாக்காளர். கூட்டத்தில் அறிவிப்பது ராஜதந்திரத்தில் எளிதான பகுதி, அறிவித்ததை எண்ணிக்கொண்டிருக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

மூன்றாவது கொள்முதல். ரயில் பாதைக்குக் கொடுத்தது மானியம் அல்ல, எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழியான சலுகைக் கடன். இந்த வேறுபாடு தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் ‘இந்திய உதவி’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. இலங்கையில் நன்கொடை என்கிறார்கள், தமிழகத்தில் மானியம் என்கிறோம். இரண்டுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று பொருள். ‘கடன் வரம்பு’ எனப்படும் இந்தச் சலுகைக் கடனில் அசலும் வட்டியும் திரும்ப வர வேண்டும். கடன் வாங்கும் அரசு தூதரகம் வழியாகக் கேட்கிறது, உங்கள் பிரிவு பரிசீலிக்கிறது, எக்ஸிம் வங்கி ஒப்பந்தம் போடுகிறது, இந்திய நிறுவனங்கள் மட்டும் ஏலத்தில் நிற்கின்றன. வேலை முடிந்த பட்டியலை அந்த நாடு சான்றளித்தால் வங்கி இந்திய நிறுவனத்துக்கே பணம் கட்டுகிறது. 2015 வழிகாட்டு விதிப்படி மிக ஏழை நாடுகளுக்கு 1.5 சதவீத வட்டி, 25 ஆண்டுத் தவணை, அதில் முதல் 5 ஆண்டு அசல் கட்ட வேண்டியதில்லை. பொருளிலும் சேவையிலும் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து போக வேண்டும்.

இது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஜப்பானும் சீனாவும் இப்படிச் செய்தவைதான். 24 ஆண்டுக்குப் பிறகு 2014 அக்டோபர் 13-ல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குள் வந்தபோது, பாதையைப் போட்ட இர்கான் எந்த நாட்டு நிறுவனம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கடன் தவணை கட்டும் காலம் வரும்போது ‘குடுத்த காசு திரும்ப அங்கதானே போகுது’ என்ற பேச்சும் கூடவே வரும். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்: மீதி 25 சதவீதத்தில் எவ்வளவு உள்ளூர் சப்-காண்ட்ராக்ட், எத்தனை உள்ளூர் வெல்டர், எத்தனை சிக்னல் டெக்னீஷியனுக்குப் பயிற்சி. இந்தக் கணக்குத் திட்ட அறிக்கையில் இருக்கும், பொதுவெளியில் இருக்காது. அதைத் தமிழிலும் சிங்களத்திலும், மாவட்டவாரியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

கொள்முதல் எப்படி ராஜதந்திரமாகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் பாடம். 2021 ஜனவரியில் அந்தத் தீவுகளின் கலப்பு மின்திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கி நிதியில், ஏல முறையில், ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. ராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா கவலை தெரிவித்தது. அந்த டிசம்பரில் சீனத் தரப்பு, மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை என்று சொல்லி வேலையை நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா மானியமாக ஏற்றது. காற்றாலை 530 கிலோவாட், சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், மின்கலம் 2,400 கிலோவாட்-மணி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் 2024 மார்ச்சில். அதாவது, முதல் ஒப்பந்ததாரர் முடிவானதிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டுக்கு மேல் தீவுக்காரர்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருந்தார்கள். பாதுகாப்பு வாதம் சரியாகவே இருக்கட்டும். மறுப்பதற்கு எடுக்கும் வேகம் மாற்றுத் தருவதிலும் இருந்தால்தான் அந்த வாதம் தீவில் எடுபடும். இன்னொன்று: உப்புக்காற்றில் இன்வெர்ட்டர் பெட்டியும் இணைப்புகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், மின்கலம் சூட்டில் ஆயுள் குறையும். மாற்றுக் கலத்துக்கான பணம் இப்போதே ஒதுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பத்தாண்டில் மிஞ்சுவது அந்த 2,500 கிலோவாட் டீசல்தான்.

2022 பற்றிச் சுருக்கமாக. ரிசர்வ் வங்கியின் 40 கோடி டாலர் நாணய மாற்று, எரிபொருளுக்கு 50 கோடி கடன், உணவுக்கும் மருந்துக்கும் ஸ்டேட் வங்கியின் 100 கோடி, யூரியாவுக்கு 5.5 கோடி, ஆசிய நாடுகளின் வணிகப் பாக்கிகளைத் தீர்க்கும் ஆசியத் தீர்வு ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டியதற்கு அவகாசம். வேறு எந்த நாடும் அந்த வேகத்தில் வரவில்லை. ஆனாலும் அதே ஆகஸ்ட் 16-ல், இந்தியாவின் எதிர்ப்பையும் மீறி, சீனாவின் ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் நின்றது. உதவி செய்தால் சொன்னதைக் கேட்பார்கள் என்ற கணக்கு அன்றே பொய்த்தது. அப்படி எதிர்பார்ப்பதும் சரியல்ல. எங்கள் பார்வையில் அந்த ஆண்டின் கனமான உதவி டாலரில் இல்லை. 2023 ஜனவரி 16-ல் பன்னாட்டு நாணய நிதியத்துக்கு இந்தியா அனுப்பிய கடன் மறுசீரமைப்பு உறுதிக் கடிதம்தான் அது. கடன் கொடுத்தவர்களில் முதலில் வந்தது அந்தக் கடிதம். மார்ச் 20-ல் நிதியம் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2024 தொடக்கத்தில் அயல்நாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. ஒன்றுக்கு ஒன்று விலை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போது அந்தக் கடிதம் நினைவில் இருந்திருக்கும்.

அதே நேரம் தமிழக அரசு அனுப்பிய 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய். மாநிலம் நேரடியாக அனுப்ப முடியாது, மத்திய அரசு வழியாகத்தான் போக வேண்டும். முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு என்றுதான் கேட்கப்பட்டது. பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் கொடுங்கள் என்றார்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்கள். அப்படியே ஆனது. கண்டியிலும் காலியிலும் சிங்களக் குடும்பங்கள் தமிழ்நாட்டு அரிசிப் பையைப் பிரித்தன. அந்த ஒரு திருத்தத்தைச் சொன்னவர்கள் அங்கே வாழ்கிறவர்கள். திட்டம் போடும் முன் அவர்களைக் கேட்பதை ஒரு நடைமுறையாகவே ஆக்கலாம்.

கடைசியாக, உங்கள் பிரிவின் எல்லைக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும் ஒன்று. அதே நெருக்கடியில் தீவகப் பகுதி மீனவர்கள் சுமார் 700 பேருக்கு இந்தியா 15,000 லிட்டர் மண்ணெண்ணெய் கொடுத்தது. ஆளுக்கு 21 லிட்டர், சில நாள் கடலுக்குப் போக ஆகும். அதே கடலில் இரவில் நம் பக்கத்து இழுவைப் படகுகள் அவர்களுடைய வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. ஒரு வலைத்தொகுதி போனால் இழப்பு 21 லிட்டரில் தீராது. 2017-ல் இந்திய அரசு தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டம் இதற்கு மருந்தாக இருந்திருக்க வேண்டும்: மூன்றாண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்ற 1,600 கோடி ரூபாய், படகு ஒன்றுக்கு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், மீனவர் 10, மீதி 20 வங்கிக்கடன். ராமேசுவரத்துப் படகுக்காரருக்கு சூரை மீன் தொழில் பழக்கமில்லை, வாரக்கணக்கில் கடலில் தங்கும் ஆட்கள் இல்லை, பக்கத்தில் ஆழமான துறைமுகமும் இல்லை. அதனால் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. மீன்வளத் துறையின் உள்நாட்டு மானியமாகத்தான் அது கோப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்தியாவின் பெயரை அதைவிட அதிகமாகக் காக்கக்கூடிய திட்டம் உங்கள் கோப்புகளில் இல்லை என்பதால், அதன் கூட்டங்களில் உங்கள் பிரிவுக்கும் ஒரு நாற்காலி கேளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு முதலில் 4.5 கோடி டாலர் கடன் என்று இருந்தது, இப்போது 6.15 கோடி டாலர் மானியம் ஆகியிருக்கிறது. மகிழ்ச்சி. மூழ்கிக் கிடந்த கப்பல்களை முன்பு இந்தியாதான் அகற்றியது. அலைதடுப்புச் சுவர் எழும், கால்வாய் ஆழமாகும், நாகப்பட்டினம் கப்பலுக்கும் சரக்குக்கும் வழி பிறக்கும். ஆனால் தோண்டிய கால்வாயில் மணல் மறுபடி வந்து சேரும், பருவமழைக்குப் பிறகு ஆழம் அளந்து பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும். முதல் ஐந்து ஆண்டு ஆழம் அளப்பதும் தூர்வாருவதும் யார் செலவு, எந்தத் துறை, எந்த மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை வெளியிடுங்கள். இல்லையென்றால் அலைதடுப்புக்கு முதல் கல் இறங்கும் முன் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உதவித் திட்டங்களின் கோப்போடும் களத்தோடும் பழகியவர்கள்